இன்னொரு இன்ஜினியரா, உதவிக்கு ஆளா?

கேள்வி சுருக்கமாக இதுதான். புதிய பொருள் வடிவமைக்கும் குழு ஒன்றில் எட்டு இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எல்லாம் கலந்த குழு. எல்லோருக்கும் திறமை உண்டு, இரவு வரை உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு புரோட்டோடைப்பும் (சோதித்துப் பார்க்கச் செய்யும் மாதிரி) தள்ளிப்போகிறது. ஒன்பதாவது ஆளுக்கு மேலிடம் அனுமதி தந்திருக்கிறது. அந்த இடத்துக்கு இன்னொரு இன்ஜினியரை எடுப்பதா, அல்லது அதே பட்ஜெட்டில் டெக்னீஷியன், ஒருங்கிணைப்பாளர் மாதிரி உதவிப் பணியாளர்களை எடுப்பதா? எடுத்தால் உண்மையிலேயே வேகம் கூடுமா, இல்லை மேய்ப்பதற்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்ததாகத்தான் முடியுமா?

உதவிக்கு ஆள் எடுங்கள். முதலில் ஒரு டெக்னீஷியன், அப்புறம் பொருள் வாங்குவதையும் காகித வேலையையும் பின்தொடர ஒருவர். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவர்களுக்கு அவ்வப்போது கையில் வேலை இல்லாமல் இருக்க வேண்டும். அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு பலிக்கிற இடத்துக்கும் பலிக்காத இடத்துக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் முதலில் போடுவது சம்பளக் கணக்கு. இன்ஜினியரின் ஒரு மணி நேரம் விலை கூடியது, டெக்னீஷியனின் ஒரு மணி நேரம் விலை குறைந்தது, ஆகவே வேலையை இங்கிருந்து அங்கே மாற்றினால் லாபம். கணக்கு சரிதான். ஆனால் லாபத்தில் சின்னப் பங்குதான் அது. பெரிய நஷ்டம் மணிக்கணக்கில் நடப்பதில்லை, காலண்டரில் நடக்கிறது. எப்படி என்று பார்க்க ஒரே ஒரு கனெக்டரை, அதாவது ஒயர்களைச் சர்க்யூட் போர்டில் இணைக்கும் பாகத்தை, பின்தொடர்ந்து போகலாம்.

அதிர்வுச் சோதனையில் போர்டில் இருக்கும் ஒரு கனெக்டர் கழன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் டேட்டாஷீட்டுகளைப் புரட்டி, பின்களுக்கு இடையே உள்ள இடைவெளி, தாங்கும் கரண்ட், உயரம், பூட்டும் நாக்கின் வடிவம் எல்லாம் பார்த்து மாற்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அரை மணி நேர வேலை. அவர் படித்த படிப்புக்கு உரிய வேலை. இதற்கப்புறம்தான் கதை ஆரம்பிக்கிறது. யாரிடம் ஸ்டாக் இருக்கிறது என்று தேட வேண்டும். குறைந்தது ஆயிரம் வாங்கினால்தான் தருவோம் என்று ஒருவர் சொல்வார். ஐந்து பீஸ் தருகிற இன்னொருவர் கம்பெனியின் வெண்டார் பட்டியலில் இருக்க மாட்டார். கொட்டேஷன் கேட்டு வாங்க வேண்டும். சிஸ்டத்தில் புது பார்ட் நம்பர் திறக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம், அந்தப் படிவத்தில் பொருள் வகைக் குறியீடு என்று ஒரு கட்டம்; அதில் என்ன போடுவது என்று பர்ச்சேஸில் ஒருவருக்குத்தான் தெரியும். அப்புறம் மேலாளர் ஒப்புதல், பி.ஓ. (வாங்குவதற்கான ஆர்டர் கடிதம்), சரக்கு கிளம்பியதா என்று விசாரிப்பது. சரக்கு வந்தும், யாருக்கு வந்தது என்று தெரியாமல் ஸ்டோர்ஸில் இரண்டு நாள் கிடக்கும். கடைசியில் கையில் வாங்கிப் பார்த்தால் கனெக்டர் இருக்கிறது, அதற்குள் போக வேண்டிய கிரிம்ப் டெர்மினல் (ஒயர் நுனியில் நெரித்துப் பொருத்தும் உலோக முனை) இல்லை. அதைத் தனியாக ஆர்டர் செய்திருக்க வேண்டும்.

இதில் இன்ஜினியர் உண்மையாகச் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் மூன்று நான்கு மணி நேரம் தேறும். ஆனால் காலண்டரில் மூன்று வாரம் ஓடியிருக்கும். சப்ளையர் எடுத்துக்கொண்டது ஒரு வாரம் என்றால் மீதி இரண்டு வாரம் எங்கே போனது? ஒவ்வொரு படியும் அந்த இன்ஜினியர் திரும்பிப் பார்ப்பதற்காகக் காத்திருந்தது. கொட்டேஷன் காலையில் வந்துவிட்டது. அவர் ஒரு ஃபர்ம்வேர் கோளாறின் நடுவில் இருந்ததால் மறுநாள் மாலைதான் பார்த்தார். படிவம் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அன்றைக்கு அவருக்கு முழுநாள் டிசைன் ரிவ்யூ. அவர் சோம்பேறி அல்ல. கையில் இருக்கும் கடினமான வேலையை முதலில் பார்க்கிற எந்த நல்ல இன்ஜினியரும் இப்படித்தான் செய்வார். இன்ஜினியர் எவ்வளவு நல்லவரோ அவ்வளவுக்கு இந்தச் சில்லறை வேலைகள் அவரிடம் தேங்கும். பத்துப் படி, படிக்கு ஒரு நாள் தேக்கம். இரண்டு வாரம் இப்படித்தான் கரைகிறது.

இதே பத்துப் படிகளையும் இதுவே வேலையாக இருக்கும் ஒருவர் பின்தொடர்ந்தால், ஒவ்வொரு படியும் காத்திருப்பது சில நிமிடங்கள் அல்லது ஒரு மணி நேரம். கிரிம்ப் டெர்மினலை அவர் முதல் நாளே கேட்டிருப்பார், ஏனென்றால் போன முறையும் அது விட்டுப்போனது அவர் நினைவில் இருக்கும். இன்ஜினியருக்கு மிச்சமானது நான்கு மணி நேரம்தான். புரோட்டோடைப்புக்கு மிச்சமானது இரண்டு வாரம்.

சரி, ஒன்பதாவது இன்ஜினியரை எடுத்தால் என்ன ஆகும்? அவரும் கனெக்டர் தேர்ந்தெடுப்பார், அவருடைய கனெக்டரும் இதே பத்துப் படிகளில் தேங்கும். வடிவமைப்பு முடிவுகள் கூடும். முடிவுகளைப் பொருளாக மாற்றும் கைகள் கூடாது. போதாததற்கு எட்டுப் பேருக்குள் 28 ஜோடிகள் என்றால் ஒன்பது பேருக்குள் 36 ஜோடிகள். ஒருவருடைய முடிவை இன்னொருவர் தெரிந்துகொள்ள வேண்டிய பேச்சு அந்த அளவுக்குக் கூடுகிறது. உதவிப் பணியாளரும் எட்டுப் பேருடன் பேசத்தான் செய்வார். ஆனால் அந்தப் பேச்சு ‘எது எங்கே இருக்கிறது, எப்போது வேண்டும்’ என்ற அளவில் நிற்கும். யாருடைய வடிவமைப்பையும் அது குலைக்காது.

இதெல்லாம் புதுச் சிந்தனை ஒன்றும் அல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஹார்லன் மில்ஸ் என்பவர் ‘தலைமை புரோகிராமர் குழு’ என்று ஓர் ஏற்பாட்டை முன்வைத்தார். மிகத் திறமையான ஒருவர் நடுவில் இருந்து முக்கியமான புரோகிராம் கோடை எழுதுவார். கோடின் பிரதிகள், பதிவுகள், ஓட்டிப் பார்த்த முடிவுகள் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள நூலகர் மாதிரி ஒருவர் இருப்பார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் செய்தித் தொகுப்புக்கான மென்பொருளை இந்த முறையில் செய்தார்கள். சுமார் 83,000 வரி கோடு, 22 மாதம் என்று அதை நடத்திய டெர்ரி பேக்கர் 1972-ல் எழுதினார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் அபாரமான ஆட்கள் என்பதால் முழுப் புகழையும் ஏற்பாட்டுக்கே கொடுக்க நான் தயாரில்லை. ஆனாலும் 1975-ல் மென்பொருள் நிபுணர் ஃபிரெட் புரூக்ஸ் இதையே விரித்து, அறுவை சிகிச்சைக் குழு போலப் பத்துப் பேர் கொண்ட அமைப்பாக எழுதினார். அதில் எடிட்டர், கருவிகள் செய்து தருபவர், சோதிப்பவர், நிர்வாகம் பார்ப்பவர், செயலாளர்கள் என்று உதவிக்காரர்களே அதிகம்.

அப்புறம் மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தது. டைப்பிஸ்ட் போனார், டிராஃப்ட்ஸ்மேன் குறைந்தார், செயலாளர் இடம் காலியானது. அவர்கள் செய்துவந்த வேலை மட்டும் போகவில்லை. இன்ஜினியரின் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த பொருளியல் பேராசிரியர் பீட்டர் சசோன் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் 20 துறைகளைப் பார்த்துவிட்டு 1992-ல் எழுதியது இதைத்தான். உதவிப் பணியாளர்களைக் குறைத்த இடங்களில் நிபுணர்களும் மேலாளர்களும் எழுத்தர் வேலை பார்க்கிறார்கள். ஆள் விகிதத்தைச் சரிசெய்தால் அலுவலகச் சம்பளச் செலவில் சுமார் 15 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர் முடிவு. உதவி ஆளை நீக்கினால் மிச்சமாகும் சம்பளம் கணக்குப் புத்தகத்தில் தெரிகிறது. இன்ஜினியர் படிவம் நிரப்பும் நேரம் எந்தப் புத்தகத்திலும் தெரிவதில்லை. ஃபைனான்ஸ்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணில் படுவதைத்தான் அவர்கள் வெட்ட முடியும்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். ஒருவர் தன் நேரத்தில் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறார் என்பதற்கும், அவரிடம் வரும் வேலை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதற்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. வேலைகள் முன்னறிவிப்பு இல்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் முன்கூட்டித் தெரியாது என்று எடுத்துக்கொண்டால், வரிசைக் கோட்பாட்டின், அதாவது காத்திருப்பைக் கணக்கிடும் கணிதத்தின், மிக எளிய சூத்திரம் இப்படிச் சொல்கிறது. சராசரியாக ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலைகள். உதவியாளர் 50 சதவீத நேரம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் நான்கு மணி நேரம். 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது மணி நேரம், அதாவது இரண்டு வேலைநாளுக்கு மேல்.

இதன் பொருள் என்ன? டெக்னீஷியனை 95 சதவீதம் ‘பயன்படுத்தி’விட்டோம் என்று மேலாளர் மகிழ்கிற நாளில், குழு மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு ஒயரை மாற்றி சால்டர் செய்ய இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தால் எந்த இன்ஜினியரும் தானே சால்டரிங் அயர்னை எடுப்பார். அப்புறம் டெக்னீஷியனிடம் கேட்பதையே விட்டுவிடுவார்கள். ஆள் இருப்பார், சம்பளம் போகும், பலன் இருக்காது. ஒரு வருடம் கழித்து, ‘உதவி ஆள் போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை’ என்று பேசுவார்கள்.

அதனால் என் கணக்கு எழுபது சதவீதத்தைச் சுற்றித்தான். மீதி நேரத்தில் அவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கேபிள்களை நீளவாரியாகப் பிரித்து மாட்டுவது, கேலிபரேஷன் தேதி நெருங்கும் மீட்டர்களைப் பிரித்து வைப்பது, அடிக்கடி கேட்கப்படும் ஸ்க்ரூ, ஸ்பேசர், ரெசிஸ்டர் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருப்பு வைப்பது, பழைய ஜிக்கை (பாகத்தைப் பிடித்துவைக்கும் சட்டம்) சரிசெய்வது என்று உடனே விட்டுவிட்டு எழுந்து வரக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. ‘உடனே விட்டுவிட்டு வரக்கூடிய’ என்பதுதான் முக்கியம். அந்த நேரத்துக்கும் தேதி போட்ட புராஜெக்ட் வேலையைக் கொடுத்துவிட்டால், திரும்ப 95-க்குப் போய்விட்டீர்கள்.

இதே காரணத்தால் உதவிப் பணியாளர்களைக் கம்பெனி முழுவதற்கும் பொதுவான ஒரு துறையாக வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. காகிதத்தில் அழகாக இருக்கும்: நான்கு குழுக்கள், பொதுவாக மூன்று டெக்னீஷியன்கள், ஒருவர் ஓய்வாக இருந்தால் அடுத்த குழுவுக்கு உதவுவார். வரிசைக் கோட்பாடும் பொதுவில் வைப்பது நல்லது என்றுதான் சொல்லும். ஆனால் அது ஆளுக்கு ஆள் வேலை ஒன்றே என்று வைத்துச் சொல்கிறது. நடப்பில், உங்கள் பொருளின் மூன்றாவது ரிவிஷன் போர்டில் எந்த இடத்தில் டிராக்கை (கரண்ட் போகும் செம்புத் தடத்தை) வெட்டி ஒயர் போட்டிருக்கிறது என்று தெரிந்த டெக்னீஷியனுக்கும் தெரியாதவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தெரியாதவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். விளக்குகிற நேரம் இன்ஜினியருடையது. அதோடு, பொதுத் துறை என்று ஆன உடனே டிக்கெட் போடு, ஒப்புதல் வாங்கு, முன்னுரிமைக் கூட்டத்துக்கு வா என்று ஒரு புது வரிசை முளைக்கும். பொதுவில் வைக்கத்தான் வேண்டும் என்றால் மெஷின் ஷாப், 3டி பிரிண்டர், சூழல் சோதனை அறை போன்று கருவி பெரியதாகவும் வேலை வரையறுக்கப்பட்டதாகவும் இருக்கும் இடங்களில் வையுங்கள். டெக்னீஷியன் குழுவோடுதான் உட்கார வேண்டும், கூப்பிடு தூரத்தில்.

டெக்னீஷியனை ஏன் முதலில் சொல்கிறேன் என்று கேட்கலாம். அவர் இல்லாத குழுவில் சோதனைகள்தான் முதலில் அடிபடும். ஐந்து மாதிரிகளில் செய்ய வேண்டிய சோதனையை இன்ஜினியர் இரண்டில் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார், ஏனென்றால் ஒவ்வொன்றையும் ஃபிக்ஸ்சரில் மாட்டி, வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒட்டி, எட்டு மணி நேரம் ஓட விட்டு எடுக்க வேண்டும். மீதி மூன்றில் இருந்த கோளாறு உற்பத்திக்குப் போனபின் வெளிவரும். அப்புறம் கைத்திறன். 0402 அளவு ரெசிஸ்டர் 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். மைக்ரோஸ்கோப்பின் கீழே தினமும் கை பழகியவர் அதை ஒரு நிமிடத்தில் எடுத்து மாற்றிவிடுவார். மாதத்துக்கு ஒருமுறை சால்டரிங் அயர்ன் பிடிக்கிற இன்ஜினியர் இருபது நிமிடம் போராடி, அது ஒட்டியிருக்கும் செம்புத் தளமான பேடையும் சேர்த்துப் பெயர்த்து எடுத்துவிடுவார். பிறகு அந்த போர்டில் வரும் ஒவ்வொரு விசித்திரமும் வடிவமைப்பின் குறையா, பெயர்ந்த பேடின் குறையா என்று தெரியாது. அந்தச் சந்தேகத்திலேயே ஒரு வாரம் போகும்.

இரண்டாமவர், பொருள் வாங்குவதையும் தேதிகளையும் பின்தொடர்பவர். கனெக்டர் கதையிலேயே அவர் வேலை தெரிந்திருக்கும், நீட்டவில்லை. ஒன்றே ஒன்று: அவருக்கு அதிகாரம் கொடுங்கள். ஒரு வரம்புக்குள் அவரே ஆர்டர் போட முடிய வேண்டும். பார்ட் நம்பர் திறக்கவும், டிராயிங்கை ரிலீஸுக்கு அனுப்பவும் சிஸ்டத்தில் அவருக்கு அனுமதி இருக்க வேண்டும். பல இடங்களில் ஆளைப் போட்டுவிட்டு இந்த அனுமதியைத் தருவதில்லை. அவர் எல்லாவற்றையும் தயார் செய்து, பொத்தானை அழுத்த இன்ஜினியரின் மேசைக்கு அருகில் வந்து நிற்பார். அப்போது காத்திருப்பு கொஞ்சமும் குறையாது.

டிராயிங், டாக்குமெண்டேஷன் பார்க்கும் ஆள் மூன்றாவது. மருத்துவக் கருவி, விமான பாகம் மாதிரி ஒவ்வொரு முடிவுக்கும் ஆவணம் வேண்டிய துறை என்றால் இவர் முதல் இடத்துக்கே வரலாம். மென்பொருள் மட்டும் செய்யும் குழு என்றால், சோதனைக் கருவிகளையும் பில்டையும் (எழுதிய கோடை ஓடும் மென்பொருளாக்கும் வேலை) பார்த்துக்கொள்பவரும், வாடிக்கையாளரிடமிருந்து வரும் பிழைப் புகார்களைத் தானே திரும்ப உண்டாக்கிப் பார்த்து, படிகளோடு எழுதி அனுப்புபவரும் இதே பங்கைச் செய்வார்கள்.

ஆள் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு இன்ஜினியர்கள் எல்லோரும் ஒரு தாளில், வடிவமைப்பு அல்லாத வேலை ஒவ்வொன்றையும் ஒரு வரியாகக் குறித்துவரட்டும். நேரத்தைத் துல்லியமாகப் போட வேண்டியதில்லை. என்ன வேலை, எதற்காகக் காத்திருந்தது என்பது போதும். டைம்ஷீட் மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அப்புறம் பொய் எழுத ஆரம்பிப்பார்கள். அந்தத் தாள்களைப் பார்த்தால் கணிசமான வேலைகள் யாருமே செய்யத் தேவையில்லாதவை என்று தெரியும்: யாரும் படிக்காத வார அறிக்கை, ஒரே தகவலை மூன்று இடத்தில் நிரப்பும் படிவம், ஐந்து பேர் கையெழுத்து. இவற்றை உதவியாளர் தலையில் கட்டாமல் முதலில் ஒழித்துவிடுங்கள். லாக்ஹீட் விமான நிறுவனத்தில் கெல்லி ஜான்சனின் குழு 1943-ல் ஒரு ஜெட் போர் விமானத்தின் முதல் மாதிரியை 143 நாளில் செய்து முடித்தது. பின்னாளில் அவர் வகுத்த 14 விதிகளில், டிராயிங் வெளியிடும் முறை மிக எளிமையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அறிக்கைகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் முக்கியமான வேலை முழுமையாகப் பதிவாக வேண்டும் என்பது இன்னொன்று. வேண்டாத வேலையை நன்றாகச் செய்ய ஒரு ஆளைப் போட்டால், அந்த வேலை நிரந்தரமாகிவிடும்.

இனி, எதைக் கொடுக்கக் கூடாது என்பது. ஒரு புது வடிவமைப்பின் முதல் மாதிரியை வடிவமைத்தவரே தன் கையால் பூட்ட வேண்டும், டெக்னீஷியன் பக்கத்தில் இருக்க. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போக இடமில்லை, கேபிள் மடங்குகிறது, இரண்டு கனெக்டரும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி மாட்ட வாய்ப்பிருக்கிறது என்பதெல்லாம் கை சொல்லித்தான் தெரியும். இரண்டாவது மாதிரியிலிருந்து டெக்னீஷியன் பார்த்துக்கொள்ளட்டும். அதேபோல, சோதனையில் எதிர்பாராத முடிவு வந்தால் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அறிக்கையில் ‘தோல்வி’ என்று ஒரு சொல் வரும். நேரில் வந்தால் மூடி திறந்த வாடை, கருகிய இடத்தின் நிறம், எந்தப் பக்கம் முதலில் விரிசல் விட்டது என்பதெல்லாம் கிடைக்கும். சப்ளையருடன் தொழில்நுட்பப் பேச்சும் இன்ஜினியரிடமே இருக்கட்டும். விலையும் தேதியும் மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம்.

இதற்கு மறுபக்கம், நல்ல டெக்னீஷியன் எழுதும் குறிப்பு. ‘மாதிரி 4, 85 டிகிரி, தேர்ச்சி’ என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் ‘மாதிரி 4, 85 டிகிரி, தேர்ச்சி. ஆறாவது மணியில் ஃபேன் சத்தம் மாறியது, ஐந்து நிமிடத்தில் சரியானது. மூடியின் இடது மூலை ஸ்க்ரூ மற்றவற்றைவிட எளிதாகக் கழன்றது’ என்று எழுதுவார். முதல் குறிப்பை ஒரு மெஷினும் எழுதிவிடும். இரண்டாவது குறிப்பு எழுதுகிறவரை டிசைன் ரிவ்யூவுக்குக் கூப்பிடாமல் இருப்பது நஷ்டம். அங்கே அவரைப் பேச விடுங்கள். ‘இந்த ஸ்க்ரூவுக்குக் கை போகாது’ என்று அவர் டிராயிங்கைப் பார்த்தே சொல்வது, ஒரு மாதம் கழித்து அச்சு வெட்டிய பின் தெரிவதைவிட எவ்வளவோ மலிவு. ரிப்போர்ட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும், அவருக்கென்று ஒரு பதவி உயர்வுப் பாதையும் இருக்க வேண்டும். ‘சப்போர்ட்’ என்ற பெயரை வைத்து எடுபிடியாக நடத்தினால் வருடத்துக்கு ஒருவர் மாறுவார். மாறும்போது போர்டுகளின் வரலாறும் அவரோடு போய்விடும்.

இன்ஜினியர்களிடமிருந்து வரும் எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். ‘விளக்கிச் சொல்லும் நேரத்தில் நானே செய்துவிடுவேன்’ என்பார்கள். ஒரு தடவைக்கு அது உண்மை. ஆனால் அந்த வேலை இன்னும் முப்பது தடவை வரும். நானே நன்றாகவும் வேகமாகவும் செய்வேன் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். அதற்குத்தான் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே பதில் சொல்லிவிட்டார். அவர் பேசியது நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தைப் பற்றி, கணக்கு ஒன்றுதான். இரண்டு வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பவர்கூட, எதை விட்டால் நஷ்டம் அதிகமோ அதைத்தான் செய்ய வேண்டும். சிலருக்குச் சில்லறை வேலை ஓய்வு மாதிரி, அதைப் பிடுங்கினால் கோபம் வரும். அதை நான் தப்பாக நினைக்கவில்லை. மதியத்தில் அரை மணி நேரம் கேபிள் செய்வது மூளைக்கு நல்லதுதான். விருப்பத்தில் செய்யட்டும், வேறு வழியில்லாமல் செய்ய வேண்டாம்.

இதற்குக் குறுக்கு வழியாகப் புதிதாகச் சேர்ந்த ஜூனியர் இன்ஜினியர்களை உதவியாளர்களாகப் பயன்படுத்தும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். முதல் ஆறு மாதம் சோதனை மேசையில் இருப்பது அவர்களுக்குப் பாடம்தான். அதற்கு மேல் போனால் வடிவமைப்பும் கற்க மாட்டார்கள், டெக்னீஷியனின் கைத்திறனும் வராது. இரண்டாவது வருடம் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

எல்லோரும் எல்லா வேலையையும் ஒரே உதவியாளரிடம் வாய்வழியாகச் சொல்ல ஆரம்பித்தால் குருவி தலையில் பனங்காய்தான். வேலைக் கோரிக்கைகள் ஒரே பட்டியலில் இருக்கட்டும். வெள்ளைப் பலகை போதும், மென்பொருள் தேவையில்லை. ஒரு வரியில் என்ன வேண்டும், எப்போது வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரியும். இரண்டு பேருடைய அவசரம் மோதினால் தீர்ப்பு உங்களுடையது, உதவியாளருடையது அல்ல. சத்தமாகக் கேட்கிறவருக்கு முதலில் நடக்கும் என்ற நிலை வந்துவிட்டால், அமைதியான இன்ஜினியரின் வேலைதான் எப்போதும் தாமதமாகும்.

பலன் வருகிறதா என்பதை உதவியாளர் எவ்வளவு பிஸி என்று பார்த்து அளக்காதீர்கள். மூன்று காலங்களை மட்டும் குறித்து வாருங்கள்: ஒரு பாகம் வேண்டும் என்று முடிவெடுத்ததிலிருந்து அது மேசைக்கு வர எத்தனை நாள், மாதிரிக்கான பாகங்கள் எல்லாம் வந்து சேர்ந்ததிலிருந்து அது ஓடத் தொடங்க எத்தனை நாள், சோதனை முடிந்ததிலிருந்து முடிவு இன்ஜினியர் கையில் கிடைக்க எத்தனை நேரம். ஆள் எடுப்பதற்கு முன்பே இவற்றைக் குறிக்க ஆரம்பித்தால் ஃபைனான்ஸிடம் காட்ட ஒப்பீடு இருக்கும். முதல் இரண்டு மாதம் எண்கள் மோசமாகக்கூட ஆகலாம், கற்றுக்கொடுக்கும் காலம் அது. ஃபைனான்ஸ்காரர்கள் உதவியாளரின் பயன்பாட்டு சதவீதத்தைக் கேட்டால், தீயணைப்பு நிலையத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

எச்.ஆர். வேலை விளம்பரத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்பார்கள். டிப்ளமோ, இத்தனை வருட அனுபவம் என்று வழக்கமானதையே போடட்டும். நேர்காணலில் மட்டும் ஒரு செய்முறை வையுங்கள். விட்டுவிட்டு வேலை செய்யும் ஒரு கேபிளையும் மல்டிமீட்டரையும் கையில் கொடுத்து, என்ன பார்த்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். கோளாறைக் கண்டுபிடித்தாரா என்பது இரண்டாம் பட்சம். கேபிளை எந்த இடத்தில் வளைத்தபோது ரீடிங் மாறியது என்று எழுதியிருக்கிறாரா, எதைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ‘கேபிள் பழுது’ என்று இரண்டு சொல்லில் முடித்தவரை, சால்டரிங் எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் எடுக்க மாட்டேன்.